மீன் சாப்பிடுவதை நிறுத்திய மீனவர்

சாப்பாட்டைப் பற்றிப் பேசுகிறவளை ஆஸ்பத்திரியில் யாரும் பெரிதாக மதிக்க மாட்டார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே இது உங்களுக்குப் புரிந்திருக்கும். டாக்டர் அறை வாசலில் கூட்டம் அலைமோதும், மருந்து கொடுக்கிற ஜன்னலில் சண்டையே நடக்கும். ‘ஊட்டச்சத்து ஆலோசகர்’ என்று பலகை மாட்டிய நம் அறையை மட்டும், கழிவறைக்கு வழி கேட்கிறவர்கள்தான் எட்டிப் பார்ப்பார்கள். அதற்காக மனசு விட்டுவிடாதீர்கள். புதுக்கோட்டை மாவட்டத்தில் எச்.ஐ.வி. தொற்றோடு வாழ்கிறவர்கள் மாத்திரை வாங்க வருகிற மையத்தில், அப்படி ஓர் அறையில்தான் என் சர்வீஸில் பெரும்பகுதி போனது. ரிட்டயர் ஆன பிறகும் சொல்கிறேன், அந்த நாற்காலியைக் கொண்டுவந்து கலெக்டர் நாற்காலியோடு மாற்றிக்கொள்கிறாயா என்று கேட்டிருந்தால் போய்யா என்றிருப்பேன். கர்வம்தான். இருந்துவிட்டுப் போகட்டும்.

நான் சேர்ந்த காலத்தில் எலும்பும் தோலுமாக வருகிறவர்களை எப்படித் தேற்றுவது என்பதுதான் எங்கள் கவலை. முட்டை சாப்பிடு, கடலை சாப்பிடு, நெய் ஊற்றிக்கொள் என்று கெஞ்சுவோம். இன்று மருந்து நன்றாக வேலை செய்கிறது. ஆட்கள் வாழ்கிறார்கள், பேரன் பேத்தி எடுக்கிறார்கள். ஆயுசு கூடினால் ஊரில் எல்லோருக்கும் வருகிற சர்க்கரையும் ரத்தக் கொழுப்பும் இவர்களுக்கும் வரத்தானே செய்யும்? அதோடு கிருமியும் கொழுப்பைக் கொஞ்சம் ஏற்றிவிடும், சில மாத்திரைகளும் ஏற்றிவிடும். அதனால் இப்போது நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில் வேலை கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை.

டயட் சார்ட் எப்படிப் போடுவது என்று உங்களுக்குச் சொல்லித்தர நான் வரவில்லை. அது உங்கள் போனிலேயே இருக்கிறது. ஓர் ஆளைப் பற்றிச் சொல்கிறேன். அவருக்கு முருகேசன் என்று பெயர் வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயரைச் சொன்னால் நான் இத்தனை வருஷம் பார்த்த வேலைக்கே அர்த்தமில்லை.

முருகேசன் ஜெகதாப்பட்டினம் பக்கத்து ஆள். விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். விடியலில் கிளம்பினால் மறுநாள் காலையில் கரைக்கு வருவார். பல வருஷமாக மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தார். ஒரு தடவைகூடத் தவறவிட்டதில்லை. விஷயம் தெரிந்த ஒரே ஆள் அவர் மனைவி. அந்த அம்மாவுக்குத் தொற்று இல்லை. மகளுக்குத் தெரியாது, படகில் கூடப் போகிறவர்களுக்குத் தெரியாது. மகளுக்கு அதே படகை ஓட்டுகிற டிரைவரின் மகனைப் பேசி முடித்திருந்தார்கள். பரிசம் போட நாள் குறித்தாயிற்று.

அப்படி இருக்கும்போது ஒரு வெள்ளிக்கிழமை ரத்தம் கொடுத்துவிட்டு ரிசல்ட்டுக்காக உட்கார்ந்திருந்தார். லேப் டெக்னீஷியன் என்னைக் கூப்பிட்டு அந்தக் குழாயைக் காட்டினார். ரத்தத்தைச் சுழற்றி எடுத்தால் மேலே தெளிந்து நிற்கிற நீர் இளமஞ்சளாக, தெளிவாக இருக்க வேண்டும். முருகேசனுடையது பால் மாதிரி இருந்தது. அவ்வளவு கொழுப்பு. எங்கள் டாக்டர் வயதில் சின்னவர், நிதானமான பிள்ளை. அவரே கொஞ்சம் பதறித்தான் போனார்.

“மேடம், ட்ரைகிளிசரைட் இந்த அளவுக்கு ஏறினா கணையம் வீங்கிரும். ஆளையே கொண்டு போயிரும். மாத்திரைய மாத்தவா, இல்ல கொழுப்புக்குத் தனியா மாத்திரை ஆரம்பிக்கவான்னு யோசிக்கிறேன். நீங்க ஒரு தடவ பேசிட்டு வாங்களேன்.”

நான் பேச வேண்டியதே இருக்கவில்லை. முருகேசன் அறைக்குள் வந்து உட்காரும் முன்பே பையிலிருந்து மாத்திரை டப்பாவை எடுத்து என் மேசையில் வைத்தார்.

“இந்தாங்க மேடம். இது இனிமே எனக்கு வேணாம்.”

வருஷக்கணக்கில் ஒரு வேளை தவறாதவர்! ஏன் என்று கேட்டேன்.

“போன தடவ ரத்தத்துல கொழுப்பு கூடியிருக்குன்னாக. சரின்னு மீன நிறுத்திப் பாத்தேன். எறங்கல, இன்னும்தான் ஏறியிருக்குங்கிறாக. அப்ப மாத்திரைதானே காரணம்? வெளிய பெஞ்சுலயும் அப்படித்தான் பேசிக்கிறாக.”

“இருங்க, இருங்க. மீனையா நிறுத்துனீங்க?”

“பின்ன? சாளைய வறுத்துப் பாத்திருக்கீகளா மேடம்? எண்ணெயே ஊத்த வேணாம். தானா நெய்ய விட்டு அதுலயே வேகும். வலையிலருந்து எடுக்கயில கையெல்லாம் பிசுபிசுன்னு ஒட்டும். அம்புட்டுக் கொழுப்பையும் இத்தன வருஷமா நாந்தானே தின்னுக்கிட்டிருந்தேன்?”

ரத்தக் கொழுப்பு என்றதும் நீங்களும் நானும் எண்ணெய்ச் சட்டியை நினைப்போம், கறிக்கடையை நினைப்போம். அவர் தன் உள்ளங்கையை நினைத்திருக்கிறார். தினமும் அந்தக் கையில் ஒட்டுகிற கொழுப்புதான் தன் ரத்தத்திலும் ஓடுகிறது என்று முடிவு கட்டிவிட்டார். எவ்வளவு நியாயமான தப்பு பாருங்கள்! சாளை மீனில் இருக்கிற கொழுப்பு ரத்தத்துக்கு நல்லது செய்கிற கொழுப்பு என்று அவருக்கு யார் சொல்லப் போகிறார்கள்? அன்றைக்கு அதை உடனே சொல்லிவிட என் நாக்கும் துடித்தது.

எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்த ஒரு சிஸ்டர் இருந்தார். வார்டில் இருபது பேர் கத்தினாலும் குரல் உயர்த்தாத மனுஷி. அவர் சொல்வார்: “பயந்து போயி வர்றவன்கிட்டப் பாடம் நடத்தாத. நேத்துலருந்து வாயில என்னென்ன போச்சுன்னு கேளு. கேட்டுட்டு நீ வாய மூடிக்க.” வாயை மூடிக்கொள்வது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னோடு வேலை பார்த்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். இருந்தாலும் மூடிக்கொண்டேன்.

“காலையில வெறும் வயிறுதானே அண்ணே?”

“ஆமா மேடம். நீங்கதான் சொல்லியிருக்கீகளே. பச்சத்தண்ணிகூடப் படல. பவுடர் மட்டுந்தான்.”

“என்ன பவுடரு?”

பையிலிருந்து இன்னொரு டப்பா வெளியே வந்தது. பளபளவென்று ஆரஞ்சுக் கலரில், ஒரு பழம் வெடித்துச் சாறு தெறிக்கிற படம் போட்டு, ‘ஆன்டி ஆக்ஸிடன்ட்’ என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. சொந்தக்காரர் ஒருவர் வீடு வீடாக விற்கிறாராம். முருகேசனுக்கு என்ன நோய் என்று அவருக்குத் தெரியாது. ரத்தத்தில் கொழுப்பு என்று மட்டும் கேள்விப்பட்டு, இது ரத்தத்தைக் கழுவி எடுத்துவிடும், இதைக் குடித்தால் இங்கிலீஷ் மாத்திரை எதுவும் வேண்டாம் என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லியிருக்கிறார்.

“தினம் எவ்வளவு குடிக்கிறீங்க?”

“காலையில ஒரு டம்ளர், கடலுக்குப் போட்டுல போறப்ப ஒரு டம்ளர், அந்திக்கு ஒன்னு. நல்லதுதானேன்னு கூட ரெண்டு கரண்டி அள்ளிப் போட்டுக்கிருவேன்.”

நான் டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் போட்டுப் பார்த்தேன். அம்மாடி! பஞ்சுமிட்டாய் தோற்றது. சீனியில் கலரைக் கலந்து வைத்திருக்கிறான் புண்ணியவான். மீனை விட்டுவிட்டு வேறென்ன சாப்பிடுகிறார் என்று விசாரித்தேன். படகில் எல்லோரும் மீன் குழம்பும் சோறும் சாப்பிட, இவர் பன்னும் வர்க்கியும் தின்று சீனி தூக்கலாக டீ குடித்திருக்கிறார். எண்ணெய் தின்றால்தான் கொழுப்பு ஏறும் என்று நம் ஜனங்கள் நினைக்கிறார்கள். சீனியும் மைதாவும் உள்ளே போய்த்தான் இந்த ட்ரைகிளிசரைட் என்கிற கொழுப்பை மளமளவென்று ஏற்றும். கொழுப்பை இறக்குகிறேன் என்று நல்ல மீனை விட்டுவிட்டு, கொழுப்பை ஏற்றுகிறதை டம்ளர் டம்ளராகக் குடித்திருக்கிறார். போதாததற்கு அதைக் குடித்துவிட்டே ரத்தமும் கொடுத்திருக்கிறார். குழாய் பால் மாதிரி இல்லாமல் வேறு எப்படி இருக்கும்?

விஷயம் பிடிபட்டுவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம். படபடவென்று சொல்லிவிட்டேன்: பவுடரை விடுங்க, பன்னை விடுங்க, மீனைச் சாப்பிடுங்க, வறுக்காமல் குழம்பு வைத்துச் சாப்பிடுங்க. அவர் முகம் தெளியும் என்று பார்த்தால் இன்னும் இருண்டது.

“மீனு சாப்பிட முடியாது மேடம்.”

“ஏன்ணே?”

“போட்டுல ஒரே சட்டிதான். எல்லாரும் சுத்தி உக்காந்துதான் சாப்பிடுவோம். கரைக்கு வந்தா வீட்டுக் கொழம்புக்குன்னு ஆளுக்குக் கறி மீனு குடுப்பாக, அதையும் நான் வேணாம்னுட்டேன். கடலுக்குப் போறவன் மீனு திங்கலன்னா விடுவாகளா? ஒடம்புக்கு என்ன, ஒடம்புக்கு என்னன்னு தொளச்சு எடுத்துட்டாக. அதான் வேண்டுதல்னு ஒரு பொய்யச் சொல்லி வச்சேன். இப்ப திடுதிப்புனு எடுத்துத் தின்னா, அப்ப சீக்காத்தான் இருந்திருக்கான்னு பேசுவாக. டிரைவர் கண்ணு எந்நேரமும் என் தட்டுலதான் இருக்கு. சம்பந்தியாகப் போற மனுசன். ‘எதுவும் இருந்தா மறைக்காமச் சொல்லுங்க’ன்னு முந்தாநேத்துக் கேட்டே புட்டாரு.”

சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “என்னால எம்புள்ள வாழ்க்க நின்னுபோச்சுன்னா நான் கரைக்கே வர மாட்டேன் மேடம். சத்தியமா வர மாட்டேன்.”

நான் ஆடிப்போய்விட்டேன். அந்த ஆள் கொழுப்பைப் பார்த்து மாத்திரையைத் திருப்பிக் கொடுக்க வரவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒளிந்து ஒளிந்து மாத்திரை விழுங்குவதும், தட்டைப் பார்க்கிற கண்ணுக்குப் பதில் சொல்வதும் சேர்ந்து அவருக்கு மூச்சு முட்டியிருக்கிறது. எதையாவது ஒன்றை இறக்கி வைத்தால் போதும் என்று வந்திருக்கிறார். இறக்கி வைக்கக் கிடைத்தது மாத்திரை.

அவர் எழுந்துவிட்டார். பஸ்ஸுக்கு நேரமாகிறது, விடிந்தால் படகு கிளம்புகிறது என்றார். மாத்திரை டப்பா என் மேசையில் இருக்கிறது. வெளியே ஆட்கள் காத்திருக்கிறார்கள். இந்த இடத்தைத்தான் நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மிரட்டியிருக்கலாம். மாத்திரையை விட்டால் கிருமி தலைதூக்கும், செத்துப்போவீர்கள் என்று சொல்லியிருந்தால் தலையை ஆட்டிவிட்டு எடுத்துக்கொண்டு போயிருப்பார். போய்க் கடலில் போட்டிருப்பார். யார் பார்க்கப் போகிறார்கள்? டாக்டரைக் கூப்பிட்டிருந்தால், “ரெண்டு பேராச் சேந்துக்கிட்டாக” என்று நினைத்திருப்பார். டிரைவரிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்று புத்தி சொல்லும் உரிமை எனக்கு இல்லை. அது அவருடைய விஷயம், அவர் உடம்பு, அவர் முடிவு. மனைவிக்குத் தொற்று வராமல் காப்பாற்றியிருக்கிறார், மகளுக்கும் மருமகனுக்கும் அவரால் ஒரு துளி ஆபத்தும் இல்லை. எனக்கு ஒரே ஒரு கேள்விதான் தோன்றியது.

“அண்ணே, என்ன வேண்டுதல்னு சொல்லி வச்சிருக்கீங்க?”

“எதுக்குன்னெல்லாம் சொல்லல மேடம். சும்மா வேண்டுதல்னுதான்.”

“எதுக்குன்னு சொல்லலையா?”

“இல்ல.”

“அப்ப மக கல்யாணம் நல்லபடியா அமையணும்னு வேண்டுதல். அதான் மீன விட்டீங்க. பரிசம் போட்ட அன்னைக்கு வேண்டுதல் முடிஞ்சுருது. அப்புறம் யாரு என்ன கேக்கப் போறா? அந்த டிரைவரே ஒங்க தட்டுல மீன அள்ளி வைப்பாரு, பாருங்க.”

அவருக்குச் சிரிப்பு வந்தது. சாதாரணச் சிரிப்பு இல்லை, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பெஞ்சில் இருந்தவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

“ஆத்தாடி! இது எனக்குத் தோணலையே மேடம்!”

“உக்காருங்க, முதல்ல. இன்னும் முடியல.”

உட்கார்ந்தார். பரிசம் வரைக்கும் முட்டை, சுண்டல், முருங்கைக்கீரை என்று பேசி முடிவு செய்தோம். அவித்த முட்டையைப் படகுக்குக் கொண்டுபோக முடியாதே, வேண்டுதல் கெட்டுவிடுமே என்று அவரே கவலைப்பட்டார். முட்டையை வீட்டில் சாப்பிடுங்கள், படகுக்குச் சுண்டல் கொண்டுபோங்கள் என்றேன். ஆரஞ்சு டப்பாவை விடத்தான் அவருக்கு மனசே இல்லை. இது நல்ல சத்து இல்லையா, இதில் ஆன்டி ஆக்ஸிடன்ட் இருக்கிறதாமே என்றார்.

“போட்டுல இரும்பு இருந்தா உப்புக்காத்துக்குத் துரு ஏறும்ல? கிருமி இருக்குற ஒடம்புலயும் உள்ளுக்குள்ள அப்படி ஒரு தேய்மானம் கூடுதலா இருக்கும். அதத் தாங்குறதுக்கு ஒடம்புக்குச் சில சத்து வேணும். ஒங்களுக்கு டப்பா வித்தவன் சொன்ன பேரு அந்தச் சத்தோட பேருதான். ஆனா அது நெல்லிக்காய்ல இருக்கு, கொய்யாவுல இருக்கு, கீரையில இருக்கு, தக்காளியில இருக்கு. இவன் பேர மட்டும் டப்பாவுல எழுதிட்டு உள்ள சீனிய நெரப்பிட்டான். எந்தச் சத்தும் மாத்திரை செய்யிற வேலையச் செய்யாது அண்ணே. நெல்லிக்காய் தின்னாலும் செய்யாது.”

“மாத்திரையாலயும் கொழுப்பு ஏறும்ங்கிறது பொய்யா மேடம்?”

பொய் என்று சொல்லியிருந்தால் சுலபம். சொல்லக் கூடாது. என்றைக்காவது ஒருநாள் வேறு யாராவது உண்மையைச் சொல்லிவிடுவார்கள், அன்றைக்கு நம் வார்த்தை மொத்தமும் செல்லாததாகிவிடும். “கொஞ்சம் ஏத்தும்ணே, நெசந்தான். ஆனா கொழுப்ப எறக்க எங்ககிட்ட வழி இருக்கு. சாப்பாட்டுல எறக்கலாம், எறங்கலன்னா டாக்டரு அதுக்குன்னு தனி மாத்திரை குடுப்பாரு. நீங்க இத விட்டுட்டு கிருமி ஏறுச்சுன்னா அதுக்கு எனக்கு வழி சொல்லத் தெரியாது. மக கல்யாணத்துல சபையில எந்திரிச்சு நிக்கணும்ல? நிக்க வைக்கப் போறது இதுதான்.”

மாத்திரை டப்பாவை அவர் பக்கம் தள்ளினேன். ஆரஞ்சு டப்பாவை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். அவர் இரண்டையும் பார்த்தார். பிறகு மாத்திரையை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, “வாரேன் மேடம்” என்றார்.

டாக்டரிடம் நடந்ததைச் சொன்னேன். கடலுக்குப் போகாத முதல் நாளில் நிஜமாகவே வெறும் வயிற்றோடு வந்து திரும்ப ரத்தம் கொடுக்க வேண்டும், வயிறு வலித்தால் அந்த நிமிஷமே வந்துவிட வேண்டும் என்று கிளம்பிக்கொண்டிருந்தவரிடம் அவர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். அந்தச் சனிக்கிழமை முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை. படகில் வைத்து மாத்திரை போட்டிருப்பாரா, மாட்டாரா? இப்படி உட்கார்ந்து கவலைப்படுவதும் இந்த வேலையில் ஒரு பகுதிதான். அதற்குச் சம்பளம் கிடையாது.

வந்தார். பச்சைத் தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு வந்தார். கொழுப்பு அப்போதும் அதிகம்தான், ஆனால் பயமுறுத்துகிற அளவில் இல்லை. டாக்டர் மருந்து எதையும் மாற்றவில்லை. மாதங்கள் போகப் போக அது இறங்கி நல்ல நிலைக்கு வந்தது. ஒருநாள் லேப் டெக்னீஷியன் அவர் குழாயைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கே வந்து, “மேடம், பாருங்க மேடம்” என்று ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். தெளிந்திருந்தது. கிருமி அளவு எப்போதும் போலக் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் கீழே இருந்தது. அன்றைக்கு மத்தியானம் நான் சாப்பிட்ட தயிர்சாதம் மாதிரி ருசியான சாப்பாட்டை அதற்கு முன்னும் பின்னும் சாப்பிட்டதில்லை.

பரிசம் முடிந்த பிறகு என்ன நடந்தது என்று முருகேசனே வந்து சொன்னார். அடுத்த தடவை கடலுக்குப் போனபோது, வேண்டுதல் மகள் கல்யாணத்துக்குத்தான், முடிந்துவிட்டது என்று இவர் சொல்ல, டிரைவர் சட்டியிலிருந்து பெரிய துண்டாக எடுத்து, எல்லோரும் பார்க்க அவர் தட்டில் வைத்தாராம். “என் வீட்டுக்கு வரப்போற புள்ளைக்காகவா மனுசன் இம்புட்டு நாளு நாக்கக் கட்டிக்கிட்டு இருந்தீக?” என்று கேட்டுக் கண் கலங்கினாராம். “அந்த வேண்டுதலு பொய்யாவே எனக்குத் தெரியல மேடம்” என்றார் முருகேசன். எனக்கும் தெரியவில்லை. மகளுக்காகத்தானே இத்தனையும்?

உங்கள் டயட் சார்ட் தனித் தட்டில் சாப்பிடுகிறவருக்கு எழுதியது. நம் ஆட்கள் பெரும்பாலும் ஒரே சட்டியில் சாப்பிடுகிறவர்கள். அந்தச் சட்டியைச் சுற்றி யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேட்காமல் எதையும் நிறுத்தச் சொல்லாதீர்கள், எதையும் ஆரம்பிக்கவும் சொல்லாதீர்கள். இதை எந்தப் பயிற்சி முகாமிலும் எனக்குச் சொல்லித்தரவில்லை. நானாகக் கற்றுக்கொண்டேன், பெருமையாகத்தான் இருக்கிறது.

ரிட்டயர் ஆன பிறகு போன வருஷம் மீமிசலில் ஒரு விசேஷத்துக்குப் போனேன். போன வழியில், படகு கரைக்கு வருகிற நேரமாயிற்றே, மீன் வாங்கலாம் என்று என் தங்கை ஜெகதாப்பட்டினத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஐஸ் பெட்டிகளும் கூடைகளுமாக ஒரே நெரிசல். எதிரே முருகேசன் வந்தார். திடமாக இருந்தார். கூடையின் ஒரு காதை அவர் பிடித்திருந்தார், இன்னொரு காதை மருமகன் பிடித்திருந்தான். “மாமா, பாத்து, பாத்து” என்று அந்தப் பையன் சொல்லிக்கொண்டே வந்தான். மையத்தில் பார்த்தவர்களை வெளியே எங்கே பார்த்தாலும் நாமாகப் பேசக் கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

கூடை நேராக எனக்கு முன்னால் வந்து நின்றது.

“யக்கா, கொஞ்சம் அங்கிட்டுத் தள்ளி நில்லுங்க. மீனு தண்ணி சேலையில பட்டுறப் போவுது” என்றார் முருகேசன். சந்தையில் யாரோ ஒரு பொம்பளையிடம் சொல்வது போலவே சொன்னார். குரலில் ஒரு நடுக்கம் இல்லை, முகத்தில் ஒரு பயம் இல்லை. மருமகன் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“தெரிஞ்சவுகளாக்கா?” என்றாள் தங்கை.

“யாருன்னே தெரியலடி” என்றேன். சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தள்ளி நின்றேன். மாமனும் மருமகனும் கூடையோடு கடந்து போனார்கள்.